கருவிக்குப் பின்னால் ஒரு கண்: திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி. ராமன்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் ஒரு தீவு. திருச்சியிலிருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டினால் அந்தத் தீவில் ஒரு பக்கம் ஸ்ரீரங்கம், இன்னொரு பக்கம் திருவானைக்காவல். மாலை நேரத்தில் பாலத்தில் நின்று பார்த்தால், கேமராவைக் கண்ணோடு ஒட்டி வைத்து மலைக்கோட்டையைப் படம் பிடிக்கும் இளைஞர்கள் ஒருவர் இருவராவது தென்படுவார்கள். நம் சமுதாயப் பிள்ளைகளில் எத்தனையோ பேருக்கு இன்று இதுவே தொழில். நிக்காஹ், வலீமா, கடைத் திறப்பு என்று ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களைக் கையில் பிடிக்க முடிவதில்லை.

அவர்களில் கண்ணாடி போடும் தம்பிமார் சிலர் நம்மிடம் கேட்பதுண்டு. வியூஃபைண்டரில், அதாவது கேமராவில் கண்ணை வைத்துப் பார்க்கும் அந்தச் சின்ன ஜன்னலில், எல்லாம் மங்கலாகத் தெரிகிறது. கண்ணாடியோடு பார்ப்பதா, கழற்றிவிட்டுப் பார்ப்பதா, அதற்கென்று தனியாக விற்கும் பவர் லென்ஸை வாங்கி மாட்டுவதா, மாட்டினால் எந்த எண்? ஆலிமிடம் கேட்கும் கேள்வியா இது என்று சிரிக்கலாம். நாம் கல்லூரியில் படித்ததும் கலைப் பாடம்தான், இயற்பியல் அல்ல. ஆனால் இந்தக் கேள்வியைக் கொஞ்சம் ஆழமாகப் பார்த்தால், அதே காவிரித் தீவில் பிறந்து உலகப் புகழ் பெற்ற ஒருவரிடம் அது நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. ஒளியையும் அதைப் பார்க்கும் கண்ணையும் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர் அவர். தன் கண்ணை நம்பி நோபல் பரிசு வரை போனவர். பிற்காலத்தில் அதே கண்ணை நம்பியே தவறியவரும்கூட. சர் சி.வி. ராமனைப் பற்றிப் பள்ளிப் பாடப்புத்தகங்கள் முதல் பாதியை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கின்றன. நாம் இரண்டையும் பார்ப்போம்.

சந்திரசேகர வேங்கட ராமன் 1888 நவம்பர் 7 அன்று திருவானைக்காவலில், தாய்வழிப் பாட்டனார் வீட்டில் பிறந்தார். தந்தை சந்திரசேகர ஐயர், தாய் பார்வதி அம்மாள். எட்டுப் பிள்ளைகளில் இவர் இரண்டாமவர். தந்தை அப்போது உள்ளூரில் சொற்பச் சம்பளத்தில் ஆசிரியர் வேலை பார்த்து வந்தார்.

பாட்டனார் சப்தரிஷி சாஸ்திரியைப் பற்றி ஒரு செய்தி உண்டு. அது நம்மைப் போன்ற மதரஸாவாசிகளின் மனதை நிச்சயம் தொடும். அவர் சமஸ்கிருதப் பண்டிதர். இளவயதில் தர்க்க சாஸ்திரத்தின் ஒரு பிரிவைக் கற்பதற்காக இங்கிருந்து வங்காளம் வரை நடந்தே போனாராம். ஏறத்தாழ 2000 கிலோமீட்டர்! ஒரே ஒரு ஹதீஸைக் கேட்பதற்காக ஒரு மாத காலம் பயணம் செய்த ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் வரலாற்றை ஓதியவர்களுக்கு இந்த நடையின் அருமை புரியும். கல்வியைத் தேடிக் கால் தேய நடந்தவரின் வீட்டில்தான் ராமன் கண் விழித்தார்.

தந்தைக்கு விசாகப்பட்டினத்துக் கல்லூரியில் விரிவுரையாளர் வேலை கிடைக்கவே, 1892-ல் குடும்பம் அங்கே பெயர்ந்தது. திருச்சிச் சீமையோடு ராமனுக்கு இருந்த உறவு பெரும்பாலும் அந்த நான்கு வயதோடு சரி. பதினோரு வயதில் மெட்ரிகுலேஷன், பதினான்கு வயதில் சென்னை மாநிலக் கல்லூரி, 1904-ல் பி.ஏ. தேர்வில் முதலிடமும் இயற்பியலில் தங்கப் பதக்கமும், 1907-ல் எம்.ஏ. எல்லாம் ஓட்டமாக நடந்து முடிந்தன.

எம்.ஏ. மாணவராக இருந்தபோது ஒருநாள் கல்லூரி ஆய்வகத்தில் முப்பட்டகக் கண்ணாடியின் கோணத்தை அளந்து கொண்டிருந்தார். மாணவர்கள் எல்லாரும் செய்யும் வழக்கமான பயிற்சி. ஒளி கண்ணாடியின் முகத்தில் மிகச் சாய்வாக விழுந்தபோது, கருவியின் கண்குழாயில் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் ஒளிப் பட்டைகள் தெரிந்தன. அதே கருவியில் அவருக்கு முன்பு எத்தனையோ கண்கள் பார்த்திருக்கும். இவர் அதை விட்டுவிடவில்லை. தொடர்ந்து ஆராய்ந்து, எழுதி, லண்டனில் வெளிவந்த ஃபிலாசஃபிகல் மேகஸின் என்ற ஆய்விதழுக்கு அனுப்பினார். 1906 நவம்பரில் அது அச்சானபோது அவருக்கு வயது 18.

இவ்வளவு திறமை உள்ளவரை இங்கிலாந்துக்கு அனுப்ப ஆசைப்பட்டார்கள். அந்தக் குளிரை இந்த மெலிந்த உடல் தாங்காது என்று சென்னை அரசு மருத்துவர் தடுத்துவிட்டார். வேறு வழியில்லாமல் நிதித்துறைத் தேர்வு எழுதி, அதிலும் முதலிடம் பெற்று, 1907-ல் கல்கத்தாவில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாகப் பதவி ஏற்றார். அதே ஆண்டு மே மாதம் லோகசுந்தரி அம்மையாரை மணந்தார்.

கைநிறையச் சம்பளம், பெரிய உத்தியோகம். பெரும்பாலானோர் அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடுவார்கள். கல்கத்தா பௌபஜார் தெருவில் இந்திய அறிவியல் வளர்ச்சிச் சங்கம் என்ற பெயர்ப்பலகை ராமனின் கண்ணில் பட்டது. டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் 1876-ல் நிறுவிய அந்த ஆய்வுக்கூடம் அப்போது ஏறக்குறைய ஆளின்றிக் கிடந்தது. கதவைத் திறந்துவிட்டவர் ஆஷு பாபு என்ற உதவியாளர். அன்றிலிருந்து விடியற்காலையில் ஆய்வுக்கூடம், பகலில் அலுவலகம், மாலையிலிருந்து இரவு வரை மீண்டும் ஆய்வுக்கூடம் என்று பத்து ஆண்டுகள் ஓடின. நடுவில் ரங்கூனுக்கும் நாக்பூருக்கும் மாற்றல் வந்தது. அங்கும் வீட்டிலேயே ஆய்வைத் தொடர்ந்தார். 1917-ல் கல்கத்தா பல்கலைக்கழகம் பாலித் பேராசிரியர் பதவிக்கு அழைத்தது. சம்பளம் அரசு வேலையை விடக் குறைவு. ராமன் குறைந்த சம்பளத்தையே எடுத்துக்கொண்டார்.

கடலைப் பார்த்த கண்

1921-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு மாநாட்டுக்குப் போய்விட்டு நார்குண்டா என்ற கப்பலில் திரும்பினார். மத்தியதரைக் கடலின் நீலம் அவரைக் கட்டிப்போட்டது. வானத்தின் நீலம் தண்ணீரில் பட்டுத் திரும்புவதால்தான் ஆழ்கடல் நீலமாகத் தெரிகிறது என்று ரேலி பிரபு என்ற பெரும் விஞ்ஞானி எழுதி வைத்திருந்தார். உலகமும் ஏற்றுக்கொண்டிருந்தது. ராமனின் சட்டைப்பையில் நிக்கல் பட்டகம் என்ற சிறு படிகத் துண்டு இருந்தது. குறிப்பிட்ட கோணத்தில் கண்முன் வைத்துத் திருப்பினால், தண்ணீர்ப் பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை அது அணைத்துவிடும். (இன்று கேமரா முன்னால் மாட்டும் போலரைசர் ஃபில்டர் செய்வதும் இதே வேலைதான்.) கப்பல் தளத்தில் நின்று அந்தப் படிகத்தின் வழியே பார்த்தார். வானத்தின் பிரதிபலிப்பு மறைந்தது. கடலின் நீலம் மறையவில்லை. முன்னைவிட அழுத்தமாகத் தெரிந்தது. அப்படியானால் அது தண்ணீருக்குள்ளிருந்தே வரும் நிறம், நீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதால் உண்டாவது. பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் நின்றதும் நேச்சர் இதழுக்குக் கடிதம் போனது.

இதற்கு அடுத்த ஏழு ஆண்டுகள் ஒரே கேள்விதான்: ஒளி ஒரு திரவத்துக்குள் சிதறும்போது நிறம் மாறுமா? 1923-ல் அவருடைய மாணவர் கே.ஆர். ராமநாதன் ஏதோ மங்கலாகக் கண்டார், அசுத்தம் கலந்திருக்கலாம் என்று நினைத்தார்கள். 1928 ஜனவரியில் வெங்கடேஸ்வரன் கிளிசரினில் பச்சை நிற ஒளியைக் கண்டார். பிறகு வத்திராயிருப்பைச் சேர்ந்த கே.எஸ். கிருஷ்ணன் முழுமூச்சாக இறங்கினார். திரவம் மாற்றித் திரவம் சோதித்தார்கள்.

கருவிகளை எண்ணிப் பாருங்கள். சூரிய ஒளியைக் குவிக்க 18 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு தொலைநோக்கி லென்ஸ், அதோடு ஒரு சின்ன லென்ஸ். ஒளியின் பாதையில் ஊதா வண்ணக் கண்ணாடி. தூய்மைப்படுத்திய திரவம் நிரம்பிய ஒரு குடுவை. மறுபக்கம், பார்ப்பவரின் கண்ணுக்கு முன்னால் பச்சை வண்ணக் கண்ணாடி. ஊதாவை மட்டுமே உள்ளே விட்டால், பச்சைக் கண்ணாடி வழியே எதுவும் தெரியக் கூடாது. ஆனால் மெல்லிய ஒரு ஒளிக்கோடு தெரிந்தது. உள்ளே போகாத நிறம் வெளியே வருகிறது! 1928 பிப்ரவரி 28 அன்று கைக்கு அடக்கமான ஒரு நிறமாலைக் காட்டி வழியே பார்த்தபோது, புதிய நிறம் பழைய நிறத்திலிருந்து இருண்ட இடைவெளி விட்டுத் தனியாக நின்றது. அறுபதுக்கும் மேற்பட்ட திரவங்களில் இதைக் கண்டார்கள். புகைப்படத் தகட்டில் பதிவு செய்ததெல்லாம் பிறகுதான். அந்த மங்கல் ஒளிக்குத் தகட்டை நீண்ட நேரம் திறந்து வைக்க வேண்டியிருந்தது.

ஆக, முதல் சாட்சி மனிதக் கண். இருட்டில் பழகி, சோர்ந்து போகாமல், இருப்பதை மட்டும் பார்த்து, இல்லாததைக் கற்பனை செய்யாத கண். இதே காலத்தில் மாஸ்கோவில் லான்ஸ்பெர்க், மாண்டெல்ஷ்டாம் என்ற இருவர் குவார்ட்ஸ் படிகத்தில் இதையே கண்டிருந்தார்கள். வெளியிடுவதில் ராமன் முந்திக்கொண்டார். 1930-க்கான இயற்பியல் நோபல் பரிசு அவர் ஒருவருக்கே கிடைத்தது. கிருஷ்ணனுக்கும் அதில் ஒரு பங்கு சேர்ந்திருக்கலாம் என்பது நம் எண்ணம். பிப்ரவரி 28-ஐ 1987 முதல் தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடுகிறோம்.

ஒரு எச்சரிக்கையை இங்கே சொல்லாமல் போக முடியாது. ராமன் பார்த்தது திரவத்துக்குள் பக்கவாட்டில் சிதறிய மங்கலான ஒளியைத்தான், சூரியனை அல்ல. பிள்ளைகள் கேமராவையோ பைனாகுலரையோ சூரியனை நோக்கித் திருப்பிக் கண்ணை வைத்தால், ஒரு நொடியில் விழித்திரை வெந்துவிடும். கிரகண நாட்களில் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்கு வரும் சிறுவர்களிடம் நாம் இதைத் தவறாமல் சொல்கிறோம்.

அந்தச் சின்னச் சக்கரம்

இப்போது தம்பிமாரின் கேள்விக்கு வருவோம். கண்ணை வைத்துப் பார்க்கும் எந்தக் கருவியிலும் இரண்டு வேலைகள் நடக்கின்றன. முன்னால் உள்ள லென்ஸ் காட்சியைக் கொண்டுவருகிறது. பின்னால் உள்ள சிறு லென்ஸ் அந்தக் காட்சியை உங்கள் கண்ணுக்கு ஏற்ற தூரத்தில் நிறுத்திக் காட்டுகிறது. முன்னது எல்லாருக்கும் ஒன்று. பின்னது ஆளுக்கு ஆள் மாற வேண்டும்.

வியூஃபைண்டரின் ஓரத்தில் பிளஸ், மைனஸ் குறியோடு ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். டையாப்டர் சக்கரம் என்பார்கள். டையாப்டர் என்பது கண் மருத்துவர் சீட்டில் எழுதும் பவர்தான். பல கேமராக்களில் மைனஸ் 3 முதல் பிளஸ் 1 வரை இந்தச் சக்கரம் சுழலும், புதிய மிரர்லெஸ் கேமராக்களில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. உங்கள் கண்ணாடியின் பவர் இந்த எல்லைக்குள் இருந்து, சிலிண்டர் பவர் இல்லாவிட்டால், கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைத் திருப்பியே வேலையை முடித்துக்கொள்ளலாம். தனி லென்ஸ் வாங்கும் செலவு மிச்சம்.

திருப்பும்போது பலரும் தவறுவது ஓரிடத்தில்தான். எதிரே உள்ள ஆளையோ கட்டடத்தையோ பார்த்துத் திருப்புகிறார்கள். அது கூடாது. வெள்ளைச் சுவரையோ வெளிச்சமான வானத்தையோ நோக்கி வைத்து, வியூஃபைண்டருக்கு உள்ளே தெரியும் ஃபோகஸ் புள்ளிகளையும் எண்களையும் பாருங்கள். அவை கூர்மையானால் போதும். சக்கரத்தை முதலில் பிளஸ் பக்கம் முழுக்கத் தள்ளி மங்கலாக்கிவிட்டு, மெல்ல மைனஸ் பக்கம் வாருங்கள். முதன்முதலாக எங்கே கூர்மையாகிறதோ அங்கேயே நிறுத்துங்கள். இளம் கண் தசையை இறுக்கிச் சமாளித்துக்கொள்ளும். தேவைக்கு மேல் மைனஸ் வைத்தாலும் தெளிவாகத் தெரிவது போலவே இருக்கும், இரண்டு மணி நேரம் நிக்காஹ் படம் எடுத்து முடிந்ததும்தான் தலைவலி வரும்.

சக்கரத்தின் எல்லைக்கு மேல் பவர் உள்ளவர்களுக்குத்தான் தனியாக மாட்டும் திருத்த லென்ஸ். இங்கே ஒரு குழப்பம் இருக்கிறது. வியூஃபைண்டர் காட்சியை வழக்கமாக ஏறத்தாழ ஒரு மீட்டர் தூரத்தில் நிறுத்துவது போல அமைக்கிறார்கள், அதாவது கேமராவுக்குள்ளேயே மைனஸ் 1 இருக்கிறது. நிக்கான் போன்ற நிறுவனங்கள் திருத்த லென்ஸின் மேல் அச்சிடும் எண், இந்த மைனஸ் 1-ஐயும் சேர்த்த மொத்தக் கணக்கு. வெறும் கண்ணாடித் துண்டின் பவர் அல்ல. ஆகவே மருத்துவர் சீட்டிலுள்ள எண்ணுக்கு நெருக்கமானதை எடுத்து, கடையிலேயே உங்கள் கேமராவில் மாட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஆன்லைனில் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டாம்.

சிலிண்டர் பவர் உள்ளவர்கள் கண்ணாடியைக் கழற்றாதீர்கள். சிலிண்டருக்கு ஒரு கோணம் உண்டு. அதை வியூஃபைண்டரில் பொருத்தினாலும், கேமராவை நெடுக்காகத் திருப்பும் கணத்தில் கோணம் புரண்டுவிடும். கேமரா திரும்பும், கண் திரும்பாது. கண்ணாடியோடு பார்ப்பதானால், கண் கொஞ்சம் விலகியிருந்தாலும் நான்கு மூலைகளும் தெரியும் கேமராவாகப் பார்த்து வாங்க வேண்டும். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இன்னொன்று. முஸ்ஹஃபைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து ஓதத் தொடங்கும் வயது அது, நாமும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டோம். ஒரு மீட்டர் தூரத்துக் காட்சிக்கும் அந்த வயதில் சிறிது பிளஸ் தேவைப்படலாம்.

ஆட்டோஃபோகஸில் எடுக்கும்போது வியூஃபைண்டர் மங்கலாக இருந்தாலும் படம் தெளிவாகவே பதியும். கையால் ஃபோகஸ் செய்பவர்களுக்குத்தான் அந்த மங்கல் படத்துக்கும் வந்து சேரும். உங்கள் கண்ணுக்குச் சரிசெய்த கேமராவை இன்னொருவர் வாங்கிப் பார்த்தால் கேமரா கெட்டுவிட்டது என்பார். கெடவில்லை, அது உங்கள் கண்.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. இருபத்தொன்பதாம் பிறை மாலையில் மேற்கு வானத்தைப் பார்க்கக் கூடும் நம்மவர்களில் கிட்டப்பார்வை உள்ளவர்கள் கண்ணாடி இல்லாமல் வந்து நின்றால், அவர்கள் பிறையைப் பார்க்கவில்லை என்று சொல்வதற்கு என்ன பொருள்? சாட்சி சொல்பவரின் நேர்மையை விசாரிக்கிறோம். அவருடைய பார்வையின் பவரையும் ஒரு வார்த்தை கேட்பதில் தவறில்லை. வீடுகளிலும் அப்படித்தான். கரும்பலகை தெரியவில்லை என்று சொல்லத் தயங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சம்பந்தம் தட்டிப்போகும் என்று பெண் பிள்ளைக்குக் கண்ணாடி போடாமல் தள்ளிப்போடும் பெற்றோரும் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளை பார்க்காமல் விட்ட உலகத்துக்கு யார் பொறுப்பு?

தன் கண்ணே சாட்சியானபோது

ராமன் 1933-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். நிர்வாகத்தோடு உரசல் ஏற்பட்டு 1937-ல் இயக்குநர் பொறுப்பை விட்டார், பேராசிரியராகத் தொடர்ந்தார். அந்த நாட்களில் நடந்த ஒன்றை மறைக்கக் கூடாது. 1933-ல் கமலா பாகவத் என்ற மாணவி, பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சிறந்த மதிப்பெண் பெற்று வந்தவர், பெண் என்ற ஒரே காரணத்துக்காக ராமனால் மறுக்கப்பட்டார். அவர் விடாமல் போராடியபின் ஓராண்டு சோதனை அடிப்படையில் சேர்த்துக்கொண்டார். அந்த ஓராண்டில் அவர் உழைத்த உழைப்பைப் பார்த்து ராமன் தன் கருத்தை மாற்றிக்கொண்டார். பிறகு கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்று, கமலா சோஹோனி என்ற பெயரில் அறியப்பட்டவர் இவரே. மேதையின் கண்ணிலும் மங்கல் இருக்கும்.

1948-ல் ஓய்வு பெற்று பெங்களூரிலேயே தன் பெயரிலான ஆய்வு நிறுவனத்துக்குள் நுழைந்தார். 1954-ல் ராஜாஜி, ராதாகிருஷ்ணன் ஆகியோருடன் முதல் பாரத ரத்னா. வைரங்கள், வண்ணத்துப்பூச்சிகள், ரோஜாக்கள் என்று நிறமுள்ள எதையும் சேர்த்து வைத்தார். எழுபது வயதைத் தாண்டியபின் அவருடைய ஆய்வு, பொருளை விட்டுப் பார்ப்பவனிடம் திரும்பியது. மனிதக் கண் நிறத்தை எப்படி உணர்கிறது?

அதற்கு அவர் கையாண்ட வழி அவருக்கே உரியது. வெளிச்சமான ஒரு வெள்ளைத் திரையை வண்ணக் கண்ணாடி வழியே சிறிது நேரம் உற்றுப் பார்ப்பார். சட்டென்று கண்ணாடியை எடுத்துவிடுவார். அடுத்த கணம் திரையில் ஒரு வண்ணக் கோலம் தோன்றி மறையும். அது தன் விழித்திரையின் படமே, பெரிதாகித் தெரிகிறது என்பது அவர் முடிவு. இப்படிப் பல நிறங்களில், பல நூறு தடவை தன் கண்ணையே ஆய்வுக்கூடமாக்கினார். கண்ணில் மூன்று அடிப்படை நிறங்களுக்கான மூன்று வகை உணர்விகள் இருக்கின்றன என்று யங்கும் ஹெல்ம்ஹோல்ட்ஸும் சொன்ன கொள்கை தவறு என்று அறிவித்தார். 1968-ல் பார்வையின் உடலியல் பற்றி ஒரு முழு நூலே வெளியிட்டார்.

ஆனால் 1964-லேயே அமெரிக்காவில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் மனித விழித்திரையிலுள்ள தனித்தனி கூம்புச் செல்களில் ஒளியைச் செலுத்தி அளந்து, அவை மூன்று வகைதான் என்று காட்டிவிட்டன. அக்குழுக்களில் ஒன்றை நடத்திய ஜார்ஜ் வால்ட் 1967-ல் நோபல் பரிசு பெற்றார். ராமனின் பார்வைக் கொள்கையை உலகம் ஏற்கவில்லை. ரேலி பிரபுவின் சொல்லைக் கேட்டுக்கொண்டு கடலைப் பார்க்காமல் விட்டிருந்தால் ராமன் இல்லை. 1921-ல் வென்ற அதே துணிச்சல்தான் 1968-லும் பேசியது. இந்த முறை அவர் கண் பார்த்தது உண்மை, அதிலிருந்து எடுத்த முடிவு தவறு.

ஒளியியலின் முன்னோடி இப்னுல் ஹைதம் அவர்களை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. பஸ்ராவில் பிறந்து, ஏறத்தாழ 1040-ல் கெய்ரோவில் மறைந்தவர். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற பழைய எண்ணத்தை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் நுழைவதால்தான் பார்வை உண்டாகிறது என்று நிறுவியவர். இருட்டறையில் சிறு துளை வழியே ஒளியை விட்டு அவர் செய்த சோதனைகளில் கேமராவின் அடிப்படை இருக்கிறது. அவருடைய கிதாபுல் மனாழிர் ஏழு பாகம் கொண்டது. அதில் மூன்றாம் பாகம் பார்வையில் நேரும் பிழைகளுக்கே ஒதுக்கப்பட்டது. பார்வையைப் பற்றி எழுத உட்கார்ந்தவர், பார்வை எப்படியெல்லாம் ஏமாற்றும் என்பதற்கு ஒரு பாகத்தையே கொடுத்திருக்கிறார்! தாலமியின் நூல்களை விமர்சித்து எழுதிய இன்னொரு நூலில், முன்னோர் எழுத்தைச் சந்தேகத்தோடு படிப்பவன் அதே சந்தேகத்தைத் தன் மீதும் வைக்க வேண்டும் என்ற கருத்தைச் சொல்கிறார். ராமனிடம் முதல் பாதி நிரம்ப இருந்தது. அவருடைய பெங்களூரு ஆண்டுகளைப் படிக்கும்போது, இரண்டாம் பாதி குறைந்து போனது நமக்குத் தெரிகிறது. அருகில் நின்று மறுத்துச் சொல்லக்கூடிய ஒரு கிருஷ்ணன் அப்போது அவர் பக்கத்தில் இல்லை.

ஆயினும் அந்த முதியவரின் ஆர்வம் கடைசி வரை அணையவில்லை. 1970 அக்டோபர் 2 அன்று, வழக்கமாக ஆண்டுதோறும் நிகழ்த்தும் காந்தி நினைவுச் சொற்பொழிவில், கண்ணை விட்டுவிட்டுக் காதைப் பற்றிப் பேசினார். செவிக்குள் ஒலி எப்படி உணரப்படுகிறது என்பது அன்றைய தலைப்பு. அந்த மாத இறுதியில் ஆய்வகத்தில் மயங்கி விழுந்தார். மருத்துவமனையில் சில நாட்கள் இருந்துவிட்டு, தன் நிறுவனத்தின் பூக்களுக்கு நடுவில் இருக்கவே விரும்பித் திரும்பி வந்தார். நவம்பர் 21 அதிகாலையில் உயிர் பிரிந்தது. வயது 82. அந்த வளாகத்திலேயே தகனம் செய்தார்கள். அந்த இடத்தில் கல்லோ மண்டபமோ எழுப்பவில்லை, ஒரு மரம் நட்டார்கள்.